மிர்லோ தெருவின் மதிப்பெண்

நோர்மாவுக்கான ஒன்பது நாள் ஜெபம் நேற்று முடிந்தது. தேவாலயத்தில் கொடுத்த அட்டையில் அவள் பெயரும் இரண்டு தேதிகளும் ஒரு மரியாள் படமும் இருந்தன. என்ன வேலை பார்த்தாள் என்று இல்லை. லோமா சேகா நகரத்தின் நூற்றுப் பதினெட்டு மைல் சாலையையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடந்தே பார்த்து, விரிசல்களை எண்ணி, ஒவ்வொரு துண்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டவள் நோர்மா இபார்ரா. அதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், கடையில் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் அரை சென்ட் போக்குவரத்துக்கென்று வரி பிடிக்கிறார்கள். அதில் ஊருக்கான பங்கு தானாக வந்துவிடாது. ஊர் தகுதியோடு இருக்க வேண்டும். அதற்குப் பதின்மூன்று நிபந்தனைகள். அந்தப் பட்டியலை நிரப்பி, ஜூன் முப்பதுக்குள் கவுண்டி ஆணையத்துக்கு அனுப்புவது பொதுப்பணித் துறையில் என் வேலை. ஏழாவது நிபந்தனை நோர்மாவின் கால்கள். சான்றிதழ் பெற்ற ஆய்வாளர் எல்லாச் சாலைகளையும் நேரில் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு இருந்த ஒரே ஆய்வாளர் அவள்தான்.

கையில் அளவுச் சக்கரம், முழங்காலில் உறை, தலையில் அகலமான வைக்கோல் தொப்பி. விரிசல் முதலைத்தோல் மாதிரி பரவியிருந்தால் மண்டியிட்டு விரலால் தடவுவாள். "இது நாலு வருஷத்து விரிசல், இது போன மழையில வந்தது" என்பாள். துறையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். தொடங்கிவைத்தது அவள் கணவர் எஃப்ராயின். அவர் நகரத்தின் சாலைக் குழுவில் விரிசல்களுக்குத் தார் ஊற்றிவந்தவர்.

"டீச்சர் ஃபெயில் போடற தெருவெல்லாம் எனக்குத்தான் வீட்டுப்பாடம்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்வார்.

"ஒழுங்கா ஊத்தினா நான் ஏன்யா ஃபெயில் போடறேன்?" என்பாள் அவள்.

பதினோரு ஆண்டுக்கு முன் ஓர் அக்டோபர் காலை. மிர்லோ தெருவில் நானூறாம் வீட்டு எண்ணிலிருந்து அறுநூறாம் எண் வரை எஃப்ராயின் தார் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கார் எச்சரிக்கைக் கூம்புகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. எஃப்ராயின் அங்கேயே இறந்துபோனார். நோர்மா இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாள். மூன்றாம் வாரம் சக்கரத்தை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். அவளுடைய மகளுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் கோமாத்ரே என்று கூப்பிடுவோம். அப்படியிருந்தும், அவள் அந்தத் தெருவை எப்படி நடந்து கடக்கிறாள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சென்ற டிசம்பர் முதல் வாரம் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் சில துண்டுகளைக் குலுக்கலில் எடுத்து அவர்களே மறுபடி அளப்பார்கள். நவம்பரில் எங்களுக்கு விழுந்தவற்றில் ஒன்று மிர்லோ தெரு, நானூறு முதல் அறுநூறு வரை. எங்கள் அறிக்கையில் ஐம்பத்து நான்கு. அவர்கள் அளந்ததில் தொண்ணூற்று ஒன்று.

விளக்கம் தர பத்து வேலை நாள். தரத் தவறினால் இரண்டு ஆண்டுக்கு ஊர் தகுதி இழக்கும். டயாலிசிஸுக்குப் போகிற முதியவர்களின் வேன்கூட அந்த வரியில்தான் ஓடுகிறது.

யாரும் தொடாத சாலையின் எண் இறங்கத்தான் செய்யும். ஏற வேண்டுமென்றால் வேலை நடந்திருக்க வேண்டும், வேலை நடந்தால் பதிவு இருக்கும். மிர்லோ தெருவுக்குப் பதினோரு ஆண்டாக ஒரு பதிவும் இல்லை. பழைய எண்களை எடுத்துப் பார்த்தேன். எண்பத்து நான்கு, எழுபத்தெட்டு, எழுபத்திரண்டு, அறுபத்தாறு, அறுபது, ஐம்பத்து நான்கு. ஒவ்வொரு முறையும் சரியாக ஆறு குறைந்திருந்தது. எந்தச் சாலையும் அவ்வளவு ஒழுங்காக உடையாது.

கடிதத்தை நோர்மாவின் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் அங்க போகலை, கோமாத்ரே."

"எந்த வருஷம்?"

"எந்த வருஷமும். அவரு போனதுக்கப்புறம் இங்கயே உக்காந்து ஆறு ஆறா கழிச்சுப் போட்டேன்."

"கையெழுத்துப் போட்டிருக்கியே! நேர்ல பாத்தேன்னு எழுதி, அஞ்சு தடவை!"

"தெரியும். அந்த முனை வரைக்கும் போவேன். கால் வராது."

அடுத்த நாள் மத்தியானம் இருவரும் போனோம். பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கப் பனை மட்டைகள் சாலையில் விழுந்து கிடந்தன. மிர்லோ தெருவில், நானூறாம் எண்ணில் தொடங்கும் கோட்டைத் தாண்டியதும், சாலையில் ஓர் இலைகூட இல்லை. காற்றின் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. கீழே எதுவும் அசையவில்லை.

விரிசல் இருந்த இடமெல்லாம் தார்க் கோடுகள் ஓடின. கறுப்பாக, மெல்லியதாக, நூல் பிடித்த மாதிரி. கோட்டின் முடிவில் தார் ஊற்றும் கெண்டியைத் தூக்கும்போது சின்னதாக ஒரு வளைவு விழுந்திருந்தது. நோர்மா அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் தெரியும். அப்படி மணிக்கட்டைத் திருப்பித் தூக்குகிற ஒரே ஆள் எங்கள் குழுவில் எஃப்ராயின்தான்.

"அவருகூட வேலை பார்த்தவங்க யாராவது செய்யறாங்களோ?" என்றேன்.

"யாரு? ரெண்டு பேரு டெக்சஸ் போயிட்டாங்க. ஒருத்தன் செத்துட்டான்."

ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் எண் வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். வெர்ன் ஸ்டக்கி, ஓய்வு பெற்ற தபால்காரர்.

"சிட்டி ஆளுங்களா? ஒருவழியா ரெண்டு பேரு வந்தீங்க. பாவம், அந்த மனுசனை மட்டும் தனியா அனுப்பறீங்களே. வரி கட்டறவன் கேக்கறேன், ஒரு லாரி குடுக்கக் கூடாதா அவருக்கு?"

"எந்த மனுசன்?" என்றேன்.

"ஆரஞ்சுச் சட்டை போட்டவரு. முதுகுல சிட்டி முத்திரை, அந்தப் பழைய கழுகு போட்டது. அதை மாத்தி எத்தனை வருஷமாச்சு, ஒரு புதுச் சட்டை கூடவா தைச்சுக் குடுக்கலை? கெண்டியத் தூக்கிட்டு நடந்தேதான் வர்றாரு. விடிஞ்சதும் வருவாரு, எட்டு மணிக்குப் போயிடுவாரு."

"பேசுவாரா?" இதைக் கேட்டவள் நோர்மா.

"நான் வணக்கம் சொன்னா தலையாட்டுவாரு. ஒரே ஒரு தடவைதான் வாயத் திறந்தாரு. 'எண்ண வர்ற அம்மா இன்னும் வரலையா?'ன்னாரு. யாரைச் சொல்றாருன்னு எனக்குத் தெரியலை. இல்லைன்னேன். 'அப்ப இன்னொரு தடவை ஊத்தி வைக்கறேன்'னாரு."

நோர்மா அவருக்கு நன்றி சொன்னாள். முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு, சக்கரத்தைக் கோட்டின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். என்னை நடைபாதையிலேயே நிற்கச் சொன்னாள். இரண்டு மணி நேரம். எந்தத் துண்டுக்கும் அவள் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு கோட்டிலும் மண்டியிட்டாள், விரலால் தொட்டாள், தாளில் எழுதினாள். ஓரிடத்தில் மட்டும் எதுவும் எழுதாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் விழுந்த இடம் அது. அங்கே கோடுகளே இல்லை. ஒரு விரிசல்கூட வந்திராத சாலை.

வண்டியில் ஏறியதும் தாளை என்னிடம் நீட்டினாள். தொண்ணூற்று ஒன்று.

அலுவலகத்தில் எங்கள் இயக்குநர் டெரெக் ஹோல்ம் பதில் கடிதத்தை வாசித்தார். நோர்மா தன் கையால் எழுதியிருந்தாள். இத்தனை ஆண்டு நேரில் பார்க்காமல் எண் போட்டேன். இப்போது பார்த்தேன். வேலை நடந்திருக்கிறது. செய்தவர் எஃப்ராயின் இபார்ரா.

"நோர்மா, கடைசி வரிய எடுத்துடுங்க. நான் கெஞ்சிக் கேக்கறேன்."

"பாத்ததை எழுதினேன்."

"அவங்க நம்மளைப் பைத்தியம்னு நினைப்பாங்க. யாரு செஞ்சதுன்னு தெரியலைன்னு போடுங்க."

"தெரியலைன்னு போட்டா அது பொய். பொய் போட்டதுலதான் இங்க வந்து நிக்கறோம். இனிமே பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன், டெரெக். வேற ஆளைப் பாத்துக்குங்க."

வேறு ஆள் இல்லை. அவள் கையெழுத்து இல்லாமல் விளக்கம் செல்லாது. மூன்று நாள் இப்படியே போயிற்று. டெரெக் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க கோமாத்ரேகிட்ட நீங்களாவது பேசுங்க. வேன் ஓட்டற பசங்க எங்கிட்ட வந்து கேக்கறாங்க" என்றார்.

பத்தாவது நாள் காலை வேலைப் பதிவில் ஒரு வரி தட்டச்சு செய்து அவளிடம் காட்டினேன். விரிசல் அடைப்பு, செய்தது நகரச் சாலைக் குழு.

"அவரு குழுவுல இருந்து ராஜினாமா பண்ணலையே" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த டிசம்பரில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். கடிதத்தின் கடைசி வரியையும் அப்படியே மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஆணையம் ஏற்றுக்கொண்டது, இரண்டு நிபந்தனைகளோடு. நோர்மாவின் சான்றிதழ் ரத்து. அந்தத் துண்டை ஆறு மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். ஊர் தகுதியோடு தப்பித்தது. அவளுக்கு முன்பக்க கவுன்ட்டரில் அனுமதிச் சீட்டு கொடுக்கிற வேலை கிடைத்தது.

ஜனவரியில் வெர்ன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "உங்க ஆளு நின்னுட்டாரு. நீங்க வந்துட்டுப் போன நாள்ல இருந்து வரலை. இங்க ரோடு பிளக்க ஆரம்பிச்சுது பாருங்க, காதால கேக்கலாம். விடியற நேரத்துல டக் டக்குன்னு, கண்ணாடி மாதிரி."

நோர்மாவிடம் சொன்னேன். கவுன்ட்டரில் யாருக்கோ சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எனக்காகத்தான் ஊத்திட்டிருந்தாரு. பாத்துட்டேன்ல? போதும், அவரும் களைச்சிருப்பாரு."

மே மாதம் பதினேழாம் தேதி, வீட்டில், காலை உணவு மேசையில், நோர்மா போய்விட்டாள். மருத்துவர் இதயம் என்றார். வயது ஐம்பத்தெட்டு. அடக்கம் ஜூன் வரை தள்ளிப்போனது, ஒன்பது நாள் ஜெபமும் அதற்குப் பிறகுதான். மகள் நாள் கேட்டுத் தேவாலயத்துக்கும் கல்லறைக்கும் அலைந்தாள்.

ஜூன் முதல் வாரம் ஆணையத்தின் ஆட்கள் வந்து அளந்தார்கள். எண்ணை இரண்டு முறை படித்தேன். ஐம்பத்து நான்கு. போகாமலே, மேசையில் உட்கார்ந்து கழித்து அவள் போட்ட அதே எண். ஆறு மாதத்தில் எந்தச் சாலையும் முப்பத்தேழு புள்ளி இறங்காது.

கூடவே ஒரு கடிதம். உங்கள் ஆய்வாளரின் முதல் எண்ணே சரி. நவம்பரில் எங்கள் அளவில் பிழை நேர்ந்திருக்கும். அவருடைய சான்றிதழைத் திருப்பித் தருகிறோம். டிசம்பரில் சேர்த்த வேலைப் பதிவை நீக்கிவிடுங்கள். அந்த வரி இருக்கும்வரை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, உங்கள் தகுதியை உறுதி செய்ய முடியாது.

டெரெக் உடனே நீக்கச் சொன்னார். எதற்குத் தயங்குகிறேன் என்று அவருக்குத் தெரியும், அதனால் கோபப்படவில்லை. கணினியில் அந்த வரியை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அதை நீக்கினால் நோர்மாவின் பொய் உண்மையாகும். மண்டியிட்டு இரண்டு மணி நேரம் அவள் எண்ணியது பொய்யாகும்.

நீக்கவில்லை. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: வேலை நடந்தது. இப்போது இல்லை. அனுப்பிவிட்டேன்.

இன்று மத்தியானம் ஆணையத்திலிருந்து துவான் லாம் கூப்பிட்டார். இரண்டு முறையும் எங்கள் துண்டை அளந்தவர் அவர்.

"மேடம், 'இப்போது இல்லை'ன்னா என்ன அர்த்தம்? ஊத்தின தாரு எங்க போகும்?"

"நவம்பர்ல நீங்கதானே அளந்தீங்க, மிஸ்டர் லாம். நிஜமாவே பிழையா?"

 அவர் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அன்னிக்குக் காலைல நல்ல குளிரு" என்றார். "மண்டி போட்டு ஒரு கோட்டைத் தொட்டேன். சூடா இருந்துச்சு, மேடம். அப்பத்தான் ஊத்தின மாதிரி. கையில ஒட்டுச்சு. சுத்திப் பாத்தா தெருவுல ஒருத்தரும் இல்லை. அதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. அதான் விட்டுட்டேன்."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"உங்க வரி இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டுடறேன். உங்க ஊருக்குத் தகுதி இருக்கு."

நோர்மாவின் சான்றிதழை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டார். அவள் இறந்தது அவருக்குத் தெரியாது. அதையும் மகளின் முகவரியையும் சொன்னேன்.