வெர்னா வாங்கிவைத்த நீல உடை

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குப் பொறுமை அதிகம் என்று ஊரில் ஒரு நினைப்பு. வெர்னா கிம்ப்ரோவுக்கு இருந்த பொறுமையில் பாதியை இருபது வருடமாகப் பின்சீட்டுப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். மிச்சத்தை இந்த மே மாதம் தின்றது.

காரணம் அவள் மகன் மார்லன். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் இரண்டு வருடம் ஆடிவிட்டான். இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அதற்குள் ஓர் ஏஜெண்டைப் பிடித்து, தொழில்முறை அணிகள் ஆளெடுக்கும் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டான். புதன்கிழமைக்குள் பெயரைத் திரும்ப வாங்கினால் கல்லூரி அணிக்கே வரலாம். வாங்காவிட்டால் போனது போனதுதான். வேறு எங்காவது என்றால் இது வீட்டுப் பிரச்சினை. கூடைப்பந்தென்றால் உயிரை விடும் இண்டியானாவில் இது ஊர்ப் பிரச்சினை.

பெட்ரோல் போடப் போனால், "பையன் என்ன சொல்றான்?" பல் டாக்டர் அவள் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியாததால் தன் கருத்தை முழுசாகச் சொல்லி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை போதகர், "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தி கொடும்" என்று சபை நடுவே ஜெபித்தார். அணியின் எல்லா ஆட்டத்துக்கும் முன்வரிசைச் சீட்டு வைத்திருக்கும் மனிதர் எதை நல்ல புத்தி என்பார்? பக்கத்து வீட்டு ஹோபார்ட்டோ வேலிக்கு மேல் தலையை நீட்டி, தினமும் ஒரே பாட்டு: "போனா ஆட விடாம பெஞ்சுலதாம்மா உக்கார வைப்பாங்க."

வெர்னா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வாழ்க்கை, அவனே முடிவெடுக்கட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவனோ காலையில் போகிறேன் என்பான், மாலையில் இருக்கிறேன் என்பான். அவளுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

செவ்வாய் மாலை சாப்பிடும்போது, "இருந்துடறேன்மா," என்றான்.

"ஏன்?"

"படிப்பை முடிக்கணும்ல."

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "டேய், என்ன பாடம் எடுத்திருக்கேன்னு கேட்டா போனைப் பாத்துச் சொல்றவன் நீ. யார்கிட்ட கதை விடுறே?"

அவன் மசித்த உருளைக்கிழங்கைக் கிளறினான். "அந்த டிரெஸ் தொங்குதுல்ல," என்றான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

கல்லூரியின் கடைசி வருடத்தில், சொந்த அரங்கில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று, விடைபெறும் ஆட்டக்காரர்கள் தாயின் கையைக் கோத்துக்கொண்டு அரங்கின் நடுவுக்கு நடந்து வருவார்கள். பூங்கொத்து, போட்டோ, ஊரே எழுந்து கைதட்டும். வெர்னா தன் பள்ளிப் பட்டமளிப்பு அன்று ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணம் கோர்ட்டில், வேலை உடுப்போடு. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ஒரு தடவையாவது நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும் என்ற ஆசையில், மார்லன் கல்லூரியில் சேர்ந்த வாரமே அணியின் நீலத்தில் ஓர் உடை வாங்கி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் அலமாரியில் மாட்டினாள். அவள் வாயைக் கட்டிக்கொண்டதெல்லாம் வீண். இவன் கோட்டு எடுக்க அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது இவனிடம் பேசியிருக்கிறது.

"ஒரு துணிக்காகவாடா ரெண்டு வருஷம்? அதுவும் தள்ளுபடியில வாங்குன துணி!"

உள்ளே போனாள். நீல உடையில் திரும்பி வந்தாள். முதுகில் ஜிப் பாதிதான் ஏறியிருந்தது; காலில் பேருந்து ஓட்டும் செருப்பு.

"எந்திரி."

"அம்மா, சாப்பாடு..."

"எந்திரின்னேன்ல!"

அவன் கையைக் கோத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார் கொட்டகைக்கு மேலே அவன் சின்ன வயதில் தொங்கித் தொங்கிக் கோணலாக்கிய கூடைப்பந்து வளையம் இருந்தது. அதன் அடியில் நிறுத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி ஹோபார்ட்டின் பியோனிப் பூக்களைக் கொத்தாகப் பறித்தாள்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் அலறினார். "வெர்னா! அது என் பூ!"

"தெரியும்ணே. இந்தாங்க போன், ஒரு போட்டோ எடுங்க."

நீல உடையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அப்போ பையன் இருக்கானா?"

"முதல்ல எடுங்கண்ணே!"

எடுத்தார். வெர்னா மகன் பக்கம் திரும்பினாள். "நடந்தாச்சு. பூ ஆச்சு. போட்டோவும் ஆச்சு. என் டிரெஸ்ஸுக்கு வேலை முடிஞ்சுது. இப்ப சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

"போறேன்மா."

கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஒரு மாதமாக இழுத்தடித்தவன், இதற்கு மட்டும் மூச்சு விடக்கூட நிற்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

ஹோபார்ட் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். "ஐயோ, பெஞ்சுலதான்டா உக்காருவே!"

"உக்காந்துட்டுப் போறான்! உங்க மடியிலயா உக்காரப் போறான்?"

மார்லன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை அவள் இந்த மாதம் முழுக்கப் பார்க்கவில்லை.

"அம்மா, கையை விடு. ஏஜெண்டுக்குப் போன் பண்ணணும்."

"இருடா," என்றாள் வெர்னா. கோத்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இவர் எடுத்ததுல என் கண்ணு மூடியிருக்கும். அண்ணே, இன்னொண்ணு எடுங்க."