மூச்சு விடாதீங்க

எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு, நாள் முழுக்க அடுத்தவர் மூச்சை நிறுத்துவதுதான் பிழைப்பு. லேப், ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை என்று எங்கேயாவது வெள்ளைக் கோட்டுக்குள் பயந்துகொண்டு நிற்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். நான் பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீசியன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அதனால் நான் சாதாரணமாக ஒன்று சொன்னாலும் அதை டாக்டர் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் பயம்.

பிடிப்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அரியலூர் பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு அம்மாவைப் பலகையோடு நெஞ்சு ஒட்ட நிற்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். பாதி மூச்சில் எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரியும், இல்லாத நோய் இருப்பதுபோல. அதனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நானே நெஞ்சை விரித்துக் காட்டி, "பிடிச்சாச்சா? பிடிச்சிருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அந்த அம்மா திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூச்சுப்பிடிப்பெல்லாம் எங்க வூட்டுக்காரருக்குத்தான் தம்பி, மூட்டை தூக்குறவரு. எனக்கு வெறும் இருமல்!"

சுத்தம்

மாணிக்கம் அண்ணன் பாடாலூர்ப் பக்கம் ஒரு கல் கிரஷரில் பல வருஷமாக வேலை செய்கிறவர். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மனைவி செல்வி அக்காதான் அவரை இழுத்து வந்தார். அன்று சனிக்கிழமை. படம் நன்றாக வந்திருந்தது, முழு மூச்சில். நான் உற்று உற்றுப் பார்த்தேன். கண்ணில் எதுவும் படவில்லை.

படத்தைப் பற்றி டெக்னீசியன் வாய் திறக்கக் கூடாது. ஆனால் அண்ணன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் நின்று, "எப்படி தம்பி இருக்கு?" என்று கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. "சுத்தமாத்தாண்ணே தெரியுது" என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷமாக மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியா? படிச்ச புள்ள சொல்லிட்டாரு. அரியலூர் கல்யாண மண்டபத்துல எனக்கு வாட்ச்மேன் வேலைன்னு அலையுறியே, அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடு!"

முதுகுக்குள் ஒரு மெஷின்

செவ்வாய்க்கிழமைகளில் திருச்சியிலிருந்து நுரையீரல் டாக்டரம்மா வருவார். அந்தச் செவ்வாய், படத்தைக் காட்ட வந்த மாணிக்கம் அண்ணனின் முதுகில், விலாவின் அடிப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு அதை என் காதில் மாட்டினார். "கண்ணை மூடிக்க. அவர் மூச்சை உள்ள இழுத்து முடிக்கிற நேரத்துல கவனி."

முதலில் வெறும் காற்று. மூச்சு முடியும் இடத்தில், மெல்லிசாக, சரசரவென்று ஏதோ பிரிந்தது. அடுத்த மூச்சிலும் அதே இடத்தில் அதே சத்தம். டாக்டரம்மா மேஜையிலிருந்த பி.பி. பட்டையை எடுத்து, ஒட்டியிருந்த முனையை மெதுவாகப் பிரித்துக் காட்டினார். அச்சு அசல் அதே சத்தம்! நுரையீரலில் தழும்பு விழுந்தால் இப்படிக் கேட்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்றார். ஒரு நிமிஷம் எனக்கு ஆச்சரியம்தான். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குக் கேட்கிறதே! அடுத்த நிமிஷம் சனிக்கிழமை நான் சொன்னது ஞாபகம் வந்தது.

மாணிக்கம் அண்ணன் பட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சுத்தம்னு சொன்னீங்களே தம்பி, உள்ள யாரு பி.பி. மெஷினை வச்சது?"

குப்புற

சி.டி. ஸ்கேனில் அவரை முதலில் மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்தோம். நுரையீரலின் அடியில், முதுகுப் பக்கமாக, மங்கலாக ஒரு நிழல். அது தழும்பாகவும் இருக்கலாம், படுத்த வாக்கில் நுரையீரல் தன் பாரத்தாலேயே அமுங்கியதாகவும் இருக்கலாம். குப்புறப் படுத்தால் அமுங்கிய இடம் விரிந்து நிழல் மறைந்துவிடும். தழும்பு என்றால் அப்படியே நிற்கும். இதை விளக்கிவிட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னேன். மறையட்டும், மறையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தலையணையில் புதைந்த முகத்திலிருந்து குரல் வந்தது. "திருப்பித் திருப்பிப் போடுறீங்களே, நான் என்ன தோசையாய்யா?"

தழும்பு

நிழல் மறையவில்லை.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். தழும்புதான், ஆரம்பத்தில் இருக்கிறது. விழுந்தது போகாது. இனிமேலாவது கல்தூசிப் பக்கமே போகக் கூடாது. அண்ணன் வேட்டியை முழங்கால்வரை தூக்கி, கல் தெறித்த பழைய வடுக்களைக் காட்டி, "இதெல்லாம் ஆறலையா? அது மட்டும் ஆறாதா?" என்று கேட்டார்.

வெளியே பெஞ்சில் அண்ணனும் செல்வி அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் நின்றேன். "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. சொல்லியிருக்கவே கூடாது. அதை நம்பி அந்த வாட்ச்மேன் வேலையையும் விட்டுட்டீங்க." அவர் தரையைப் பார்த்தபடி, "மூணு நாள் நிம்மதியாத் தூங்கினேன். அதுக்காக உன்னைத் திட்டாம வுடுறேன் தம்பி" என்றார்.

செல்வி அக்கா ஸ்கேன் கவரைப் பைக்குள் வைத்து எழுந்தார். "வேலை எங்கயும் போயிடல. நாளைக்குக் காலையில அரியலூர் பஸ்ஸு ஏறுறோம். இவரு வேண்டாம்னதைப் பத்தி மண்டபத்துக்காரங்ககிட்ட நான் மூச்சே விடலை!"

எங்கே மூச்சு விடக் கூடாது என்று எட்டாவதோடு நின்ற அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது; நாள் முழுக்க ஊருக்கெல்லாம் "மூச்சு விடாதீங்க" என்று சொல்கிற எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.