கோட்டுப் போட்ட கிளாக்கரை நான் அறியவில்லை

கிளாக்கர் இறந்த செய்தி என் காதுக்கு வருமுன்னரே அந்தச் செய்தியின் நிழலில் நான் நின்றிருக்கிறேன். சந்தியில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தார்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவனுக்கு அந்த இடத்தில் வேறு நிழல் இல்லை. அண்ணாந்து பார்த்தேன். கன்னங்கரேலென்ற தலைமயிர், மா பூசியது போல வெளுத்த முகம், நீலக் கோட்டு, கழுத்தில் சிவப்பு ரை. யாரோ பெரிய உத்தியோகத்தர் போய்விட்டார் என்று நினைத்தேன். சிலுவை அடையாளம் போட்டு, முன்பின் அறியாத அந்த ஆத்துமாவுக்காக ஒரு செபமும் சொன்னேன். அடுத்த நாளும் அப்படியே நின்றேன், அப்படியே செபித்தேன்.

அதற்கும் அடுத்த நாள், எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் யோகன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"என்ன சவரியண்ணை, கூட்டாளியை எரிச்சு முடிஞ்சுது. நீங்கள் இன்னும் கூடையோடை நிக்கிறியள்?"

"எந்தக் கூட்டாளியடா?"

"இஞ்சை பகிடி விடாதையுங்கோ. ஆரின்ரை படத்துக்குக் கீழை நிக்கிறியள் எண்டு ஒருக்கா நிமிந்து பாருங்கோ."

நிமிர்ந்து பார்த்தேன். இந்த முறை காதுகளைப் பார்த்தேன். இடது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது, கிளாக்கரின் காது. அது ஒன்றைத்தான் படத்தைத் திருத்திய ஸ்ரூடியோக்காரன் தொடாமல் விட்டிருந்தான்.

எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். பதாகையில் பெயர் முழ நீளத்துக்கு இருந்ததாம். எனக்குத் தெரிந்தது படம் மட்டும்தான், படமும் என்னை ஏமாற்றிவிட்டது. இதை யோகனிடம் சொல்லியிருக்கலாம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். இத்தனை வயதுக்குப் பிறகு, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அந்தச் சபையில் சொல்ல வாய் வரவில்லை. "ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெரிந்தும் செத்த வீட்டுக்குப் போகாதவன் என்ற பெயரை அன்றைக்கு நானே என் தலையில் வைத்துக்கொண்டேன்.

கிளாக்கரை அறிந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியூரில் இருந்து அவருடைய இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். குணநாயகம் என்பது அவர் பெயர். திருகோணமலைக் கந்தோர் ஒன்றில் கணக்கும் கடிதமும் எழுதி எழுதி ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. விதவையான தங்கை கமலாவோடு, மழைக்கு ஒழுகும் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார். ஓய்வு பெற்றபோது கையில் கிடைத்த காசில் கூரையை மாற்றுவார் என்று கமலா நினைத்திருந்தா. அவரோ கொழும்புக்குப் போய்ப் படம் எடுக்க ஒரு கமரா வாங்கிக்கொண்டு வந்தார்.

கமரா என்றால் கல்யாண வீட்டுக் கமரா இல்லை. செங்கல் போலக் கனக்கும் ஒரு கறுத்த பெட்டி. முதல் நாள் என் வள்ளத்தில் ஏறி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கேட்டேன்.

"இது என்ன சாமான், ஐயா?"

"மீடியம் போர்மற் எண்டு சொல்லுறது. மற்றக் கமராவை விட இதுக்குள்ளை வெளிச்சம் விழுற தகடு பெரிசு. அதாலை சின்னச் சின்னதெல்லாம் பிடிக்கும்."

"மீடியம் எண்டால்?"

"நடுத்தரம்."

"நடுத்தரமே இந்தப் பெரிசோ! என்ன விலை?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "பழசு, ஒராள் குறைச்சுத் தந்தவர்" என்றார். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். அதன் விலைக்கு ஒரு வள்ளமும் எஞ்சினும் வாங்கலாம் என்று ஊரே கதைத்தது. யார் விலை கேட்டாலும் அவர் இதே பொய்யைத்தான் சொல்லுவார், சொல்லும்போது முகம் கறுக்கும். பஸ்ஸில் போகும்போது அந்தக் கமராவைத் துவாயில் சுற்றி, வெறும் உரப்பைக்குள் வைத்துக் கொண்டுபோவார். கொண்டக்டர் ஒருமுறை, "பெரியவர், உரத்தைப் பின்னாலை போடுங்கோ" என்று அதைக் காலால் தள்ளப் பார்த்தான். கிளாக்கர் பாய்ந்து கட்டிப்பிடித்த பிடியில் பஸ்ஸே சிரித்தது.

கடலுக்குப் போகும் வயது எனக்குக் கடந்திருந்தது. அதனால் அவர் போகும் இடங்களுக்கெல்லாம் கமராவை நிறுத்தும் மூன்றுகால் கட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். குச்சவெளி, இறக்கக்கண்டி, தம்பலகாமம், அதற்கு அப்பாலும் போனோம். "உங்களை எனக்குப் பிடிக்கிறது ஏன் தெரியுமோ அண்ணை? நீங்கள் படத்தைப் பற்றி ஒண்டும் கேக்கிறேல்லை" என்பார். விலையை மட்டும்தான் கேட்டேன், அதுவும் ஒருமுறைதான்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், குசினி வாசலில் என் மனைவி பிலோமினா மீன் வெட்டிக்கொண்டிருந்ததைப் படம் எடுத்தார். அவ கவனிக்கவில்லை. அடுத்த மாதம் அதைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டு வந்து தந்தார். நான் அப்படி ஒரு படத்தைக் கண்டதில்லை. அவவின் விரலில் ஒட்டியிருந்த செதில்களை எண்ணலாம் போல இருந்தது. கத்தியில் அவவின் கன்னம் தெரிந்தது. கூடவே, சட்டை தோளில் கிழிந்த இடத்தில் ஒரு பின் குத்தியிருந்ததும் தெரிந்தது. பிலோமினா அந்தப் பின்னை மட்டும்தான் பார்த்தா.

"ஐயோ, இதை வேறை ஆரும் பார்த்தவையோ?"

"இல்லை அக்கா, நான் மட்டும்தான்."

"என்னை இப்பிடியோ ஊருக்குக் காட்டப் போறியள்?" என்று கேட்டுவிட்டு அவ உள்ளே போய்விட்டா. அன்றைக்குக் கிளாக்கர் தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

அவ ஓயவில்லை. அதனால் நான் படத்தை ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனேன். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பட்டுச் சேலை கட்டிய உடம்பில் வைத்து, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் விழுத்தித் தந்தான். அதைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். கிளாக்கர் மறுபடி வந்தபோது கதிரையில் இருந்தபடி அதைக் கனநேரம் பார்த்தார். எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. அவர் பிலோமினாவைக் கூப்பிட்டு, "அக்கா, இது உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம். இதிலை நான் மனிசரைப் போல இருக்கிறன்."

"அப்ப இதுதான் சரி. பிழை என்ரை."

திரும்பி நடக்கும்போது கடற்கரையில் என்னிடம் சொன்னார்: "கமராவுக்கு வெக்கம் இல்லை அண்ணை. நல்ல கமராவுக்குத் துப்பரவா, கொஞ்சமும் இல்லை. அதுக்கும் சேர்த்து நான்தான் வெக்கப்பட வேணும்."

அதற்குப் பிறகு அவர் கேட்காமல் ஒருவரையும் எடுத்ததில்லை. கேட்டால் எங்கள் சனம் அப்படியே நிற்குமா? குளிக்க வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், பவுடர் பூச வேண்டும். கிளாக்கர் கட்டையை ஊன்றிவிட்டுக் காத்திருப்பார். தம்பலகாமத்தில் ஒரு விடியலில், வயலுக்கு மேல் பனிப்புகார் இறங்கி, வரம்பில் சேறு பூசிய ஒருவர் மண்வெட்டியோடு நின்றார். படம் தெரியாத எனக்கே அது படம் என்று தெரிந்தது. கிளாக்கர் கிட்டப் போய், "அண்ணை, உங்களை ஒரு படம் எடுக்கட்டோ?" என்றார். அந்த மனிதர் சந்தோசமாக வீட்டுக்குப் போனார். குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது புகாரும் இல்லை, அந்த வெளிச்சமும் இல்லை. உச்சி வெயில் பல்லை இளித்தது.

"விசர் வேலை பாக்கிறியள். முதலே அமத்தியிருக்கலாமே. அந்த மனிசன் கண்டிருக்காது" என்று ஏசினேன்.

"வெளிச்சம் நாளைக்கும் வரும். அந்த மனிசன் இண்டைக்கெல்லோ குளிச்சிட்டு வந்து நிக்கிறார்" என்று சொல்லிவிட்டு, குனிந்து அந்தப் பெட்டிக்குள் பார்த்து, ஆறுதலாக எடுத்தார். படத்தையும் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த விலை கொடுத்து வாங்கிய கமராவில் அவர் எடுத்தது முக்கால்வாசியும் இப்படி விறைத்து நிற்கும் புருசன் பெண்சாதிப் படங்கள்தான்.

இப்படிப்பட்ட மனிதரின் செத்த வீட்டுக்குத்தான் நான் போகவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல் நாள், இனியும் ஒளிக்க ஏலாது என்று வெளிக்கிட்டுப் போனேன். பிலோமினாவும் என்னைத் துரத்திக்கொண்டேயிருந்தா. படலையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. கமலா முற்றத்தில் இருந்து என்னைக் கண்டா. வாங்கோ என்று சொல்லவில்லை.

"எல்லாரும் வந்தவை, சவரியண்ணை. கொண்டக்டர்மாரும் வந்தவை. உங்களுக்கு ஆள் அனுப்பத்தான் இருந்தனான், பதாகை உங்கடை சந்தியிலைதானே கட்டிக் கிடக்கு, காணுவியள் எண்டு விட்டிட்டன். தெரியும் எண்டு யோகனுக்குச் சொன்னீங்களாம்."

நான் படலையைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தேன்.

"கொழும்பிலை படக் கண்காட்சி வைக்கிற ஆக்கள் அண்ணரைத் தேடி வந்தது தெரியுமோ உங்களுக்கு? உங்கடை பெண்சாதி மீன் வெட்டுற படத்தைக் கண்டிட்டு, அதைப் போல ஒண்டைத் தாங்கள் காணேல்லை, அதைத்தான் முன்னுக்கு வைக்கப் போறம் எண்டு கெஞ்சினவை. மாட்டன் எண்டிட்டார். அந்த அக்காவுக்கு வெக்கமாம். வேறை படம் தாங்கோ எண்டால், வேறை எல்லாம் குளிச்சிட்டு வந்து நிக்கிற படம், அது அவைக்கு வேண்டாம். வந்தவை வெறுங்கையோடை திரும்பிப் போட்டினம். அந்தப் படத்தின்ரை மற்றப் பிரதி இன்னும் அலுமாரிக்குள்ளை கிடக்கு. உங்களுக்காக அவ்வளவு பார்த்த மனிசனுக்கு நீங்கள் ஒரு பிடி வாய்க்கரிசி போட வரேல்லை."

இதை அவர் எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை பஸ், எத்தனை மைல் கூடப் போயிருக்கிறேன், வாய் திறக்கவில்லை. அதற்கு மேல் மறைக்க எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

"தங்கச்சி, எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் பதாகைக்குக் கீழைதான் நிண்டனான். ஆரோ கோட்டுப் போட்ட பெரிய மனிசன் எண்டு செபம் சொன்னனான். அவரெண்டு தெரியேல்லை. சபையிலை அதைச் சொல்ல வெக்கத்திலைதான் தெரியும் எண்டனான்."

கமலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் இருந்துவிட்டா. சிரிக்கிறாவா அழுகிறாவா என்று எனக்கு விளங்கவில்லை.

"எனக்கே அது அண்ணராத் தெரியேல்லை" என்றா கடைசியில். "வீட்டிலை அவரின்ரை படம் எண்டு இருந்தது அடையாள அட்டைப் படம் ஒண்டுதான். பழஞ்சேட்டு, கழுத்தடி நைஞ்சு போய். அதைச் சந்தியிலை கட்டினால் சனம் என்ன சொல்லும்? தங்கச்சிக்காரி ஒரு நல்ல சேட்டும் வாங்கிக் குடுக்கேல்லை எண்டெல்லோ சொல்லும். நான்தான் கோட்டுப் போடச் சொன்னனான்."

அவவுக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். இரண்டு பேரும் அந்தப் படியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அப்போது அவ உள்ளே போய் கமராவைக் கொண்டு வந்து, அதன் பின்பக்கத்தில் ஒரு படத்தைக் காட்டினா. "இது ஆரெண்டு தெரியேல்லை அண்ணை. தலையும் இல்லை. பிழைச்ச படம் போல. ஏன் அழிக்காமல் வைச்சிருந்தாரோ?"

எனக்குத் தெரிந்தது. போன வருசம் இறக்கக்கண்டிக் கரையில் ஒரு காலைநேரம், எல்லாரையும் எடுத்து முடித்த பிறகு, "ஒருக்கா நீங்கள் என்னை எடுங்கோ அண்ணை" என்று கமராவை என் கையில் வைத்தார். "விழுந்தால் என்ரை வள்ளத்தை வித்தாலும் காணாது" என்று நான் மறுத்தேன். விடவில்லை. கை உதறலில் ஒரே ஒருமுறைதான் அமத்தினேன். படத்தைப் பார்த்துவிட்டு மணலில் இருந்து சிரித்தார். என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு, "நல்ல படம், வைச்சிருக்கிறன்" என்று மட்டும் சொன்னார். தலையை வெட்டிவிட்டேன் என்று சொன்னால் நான் வெட்கப்படுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த மலரின் முன்பக்கத்தில் கோட்டுப் படம்தான் இருக்கும். கமலா என்னைக் கேட்டா, மாற்றவோ என்று. அவரைக் கேட்க ஏலாத நேரத்தில் நான் எப்படிச் சொல்வது? அவவுக்குப் பிடித்ததே இருக்கட்டும் என்றேன். எங்கள் வீட்டுச் சுவரிலும் பட்டுச் சேலைப் படம்தான் இன்றைக்கும் தொங்குகிறது. எனக்கென்று கமலா அந்தத் தலையில்லாத படத்தை அடித்துத் தந்தா.

நான் வைத்திருப்பது அதுதான். வள்ளத்து விளிம்பில் இருக்கிறார். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார், காலில் ஈர மணல். இரண்டு கைகளும் மடியில். எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கை மற்றக் கையின் பெருவிரலை இறுக்கிப் பிடித்திருக்கிறது, பிடித்த இடம் வெளுத்திருக்கிறது. ஊரையெல்லாம் நிற்கவைத்துப் படம் எடுத்த மனிதர், தன்னை ஒருவன் எடுக்கிறான் என்றதும் கூசிப்போய் இருக்கிறார். அந்தக் கமரா அதைக் கொஞ்சமும் விடாமல் பிடித்திருக்கிறது.