என் கணினியில் சிக்கல் இல்லை

கல்லூரியில் அவனை எல்லோரும் லினக்ஸ் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல்வர்கூட, "அந்த லினக்ஸ் சாரை வரச் சொல்லுங்க" என்பார். உத்தியோகம் என்னவோ கணினி ஆய்வக உதவியாளர். நாற்பத்திரண்டு கணினிகள், இரண்டு ஏ.சி., அதில் ஒழுகுகிற ஏ.சி.க்குக் கீழே ஒரு பச்சை வாளி, இவ்வளவும் அவன் பொறுப்பு. காசு கொடுத்து வாங்குகிற சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு நாற்பத்திரண்டிலும் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டவன் அவன். இது யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லோருக்கும் சொந்தம், உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் சம்பளம் வாங்காமல் எழுதுகிறார்கள் என்று ஆரம்பித்தானானால், முடிப்பதற்குள் மதிய மணி அடித்துவிடும்.

மனசுக்குப் பிடித்த வேலை வீட்டுக்கு வந்தபிறகுதான். வேறொரு சிஸ்டத்துக்காகச் செய்த விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பது. நடுவில் துபாஷி மாதிரி ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். விளையாட்டு கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிறபடி சொல்லி, பதிலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அந்தத் துபாஷியை எழுதுவதும் சம்பளமில்லாத கூட்டம்தான். எந்த விளையாட்டு ஓடும், எது பாதியில் படுத்துக்கொள்ளும் என்று விளையாடிப் பார்த்தவர்கள் அறிக்கை எழுதிப்போட ஒரு தளம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் கணினியை மாற்றுவார்கள்.

அந்தத் தளத்தில் அவனுடைய அறிக்கைகள் இருநூற்று முப்பத்தேழு. அவனைவிட அதிகம் எழுதியவர்கள் மூன்றே பேர். மூன்றாவது ஆளை எப்போது தாண்டுவோம் என்று வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பான். ஓர் அறிக்கைக்கு அவன் ஒதுக்கியது பத்து நிமிடம். படம் வருகிறதா, சத்தம் வருகிறதா, மவுஸ் நகர்கிறதா? வருகிறது, நகர்கிறது. "சிக்கல் இல்லை. நன்றாக ஓடுகிறது" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவுவான்.

அவன் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன். சான்றிதழைப் பெரிதாக நகலெடுத்துச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டவள் அக்கா. அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துமுடித்த பிறகுதான் தண்ணீர் குடிக்க முடியும். "தம்பி சொன்னா அதுக்கு மேல பேச்சே கிடையாது" என்பாள்.

அக்காவின் கணவர், அவனுடைய மாமா, சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர். நாலு வருடத்துக்கு முன்பு கிரேன் ஏணியில் கால் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அக்கா வேலைக்குப் போனபின் வீட்டில் அவரும் சுவர்க்கடிகாரமும்தான் பாக்கி. அவன்தான் ஒரு பழைய கணினியில் ரயில் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். தண்டவாளம் போட வேண்டும், நிலையம் கட்ட வேண்டும், கால அட்டவணை எழுதி வண்டி விட வேண்டும். முதல் வாரம் "இதெல்லாம் ஒரு விளையாட்டா" என்றவர், இரண்டாவது வாரம் சாப்பிடக் கூப்பிட்டால் காதில் வாங்கவில்லை. நாலு வருடத்தில் நூற்றுப் பதின்மூன்று நிலையங்கள். கூட வேலை பார்த்தவர்களின் பட்டப்பெயர்களைத்தான் வைத்தார். தூங்குமூஞ்சி ரோடு, மேஸ்திரி நகர், ஓவர்டைம் பாலம். நடுவில் பெரிதாக, வீட்டுக்காரி சென்ட்ரல். மேற்கே, மாப்ளே சந்திப்பு.

"ஏன் மாமா, என் ஸ்டேஷனுக்கு மட்டும் எல்லா வண்டியும் லேட்டா வருது?"

"நீ என்னைக்கு மாப்ளே சொன்ன நேரத்துக்கு வந்திருக்க? பேருக்கு ஏத்த மாதிரிதான் வண்டியும் வரும்."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும். "என் ஸ்டேஷன்ல பாத்ரூம் கட்டியாச்சா?"

"எட்டு பிளாட்பாரம் கட்டியிருக்கேன், அது போதாதா உனக்கு?"

"எட்டு பிளாட்பாரத்துல எறங்குற பொம்பளைங்க எங்க போவாங்க? மொதல்ல அதக் கட்டுங்க, அப்புறம் வண்டி விடலாம்."

அந்தக் கணினியில் இருந்த பழைய சிஸ்டத்துக்கு இனி புதுப்பிப்பு கிடையாது என்று அதை விற்ற நிறுவனம் கைகழுவியது. கணினியும் ஆமையாகிவிட்டது. லினக்ஸ் போட்டுவிடலாம் என்றான் அவன். மாமா உடனே சரி சொல்லவில்லை. நாற்காலியைப் பாதி திருப்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

"இது அதுல ஓடுமா மாப்ளே?"

"அதுல ஓடும்னு அறிக்கை எழுதினதே நான்தான் மாமா."

"நாலு வருஷம் இதுக்குள்ள இருக்கு, அதான் கேக்கறேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்ன நம்பாம யார நம்புறது. போடு."

ஒரு சனிக்கிழமை காலை, மாமா சேமித்து வைத்திருந்த விளையாட்டுக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கணினியின் ஹார்ட் டிஸ்க்கை முழுக்கத் துடைத்து லினக்ஸைப் போட்டான். மதியத்துக்குள் நூற்றுப் பதின்மூன்று நிலையங்களும் அப்படியே எழுந்து வந்தன. வண்டிகள் முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடின. மாமா கைதட்டினார். திங்கட்கிழமை ஆய்வகத் தேர்வுக்கான மென்பொருளை எடுத்துப் போக வேண்டியிருந்தது. அந்தப் பென்டிரைவையே அழித்து எடுத்துப் போனான். அதுதான் நன்றாக ஓடுகிறதே.

பன்னிரண்டாம் நாள் காலை ஆய்வகத்தில் அவன் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மாப்ளே, என் ரயிலக் காணோம்."

"காணோம்னா?"

"தொறக்க மாட்டேங்குது. நேத்து சாயந்தரம் நல்லாத்தான் இருந்துச்சு. புதுசா ஒரு ஸ்டேஷன் கட்டிட்டு மூடினேன்."

பாதி நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினான். எப்போதும் ஒரே கோப்பின்மேல் சேமிப்பது மாமாவின் பழக்கம். அந்தக் கோப்பு பெரும்பகுதி அறுந்து, வால் இல்லாமல் கிடந்தது. "கேம்ல ஏதோ கோளாறு மாமா" என்றான். "அப்படியா" என்று அவரும் நம்பினார்.

அன்று சாயங்காலம் தளத்தில் தன்னுடைய அறிக்கையைத் திறந்தான். அதற்குக் கீழே ஐந்து மாதத்துக்கு முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ஈரக்குடை என்பது அவர் அங்கே வைத்துக்கொண்ட பெயர். "சேமிப்புக் கோப்பு ஓர் அளவைத் தாண்டினால் துபாஷி அதைப் பாதியில் அறுத்துவிடுகிறது. உங்கள் அறிக்கையை நம்பி நிறைய பேர் மாறுகிறார்கள். ஒரு வாரம் விளையாடிப் பார்த்து எச்சரிக்கை சேர்க்க முடியுமா?" அறிக்கையைத் திருத்த, அதை எழுதியவனால் மட்டும்தான் முடியும். அதற்கு அவன் போட்ட பதிலும் கீழேயே இருந்தது: "என் கணினியில் சிக்கல் இல்லை."

எழுதியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. எழுதும்போது வந்த கோபமும்தான். இருநூறு அறிக்கை எழுதியவனுக்கு, மூன்று எழுதிய ஆள் பாடம் எடுக்கிறானா? ஈரக்குடை மறுவாரம் சான்றுகளோடு இன்னொரு முறை கேட்டிருந்தார். அதை அவன் திறந்து பார்த்ததோடு சரி.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவருக்கு எழுதினான். அவர் குத்திக்காட்டி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. "அறுந்த கோப்பு இருக்கிறதா? அழித்துவிடாதீர்கள், அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டார். இத்தனை பெரிய கோப்பு துபாஷியை எழுதுகிற கூட்டத்தின் கையில் இதுவரை சிக்கியதில்லை. நாலு நாட்டில் நாலு பேர் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். பணி முடிந்து வந்து எழுதினாள். ஆறாம் நாள் கோளாறு பிடிபட்டது, துபாஷியைத் திருத்தினார்கள். யாரென்றே தெரியாத ஒரு கிரேன்காரருக்காக ஈரக்குடை இன்னொரு வாரம் உட்கார்ந்து, அறுந்த கோப்பிலிருந்து மீட்க முடிந்ததை மீட்டுக் கொடுத்தார். முப்பத்தெட்டு நிலையங்கள். மிச்சம் கோப்பிலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்ப் போட்டான். வீட்டுக்காரி சென்ட்ரல் இருந்தது. மாப்ளே சந்திப்பு இல்லை. முப்பத்தெட்டாவது நிலையத்தைத் தாண்டித் தண்டவாளம் வெட்டவெளியில் முடிந்தது. மாமா ஒரு வண்டியை விட்டுப் பார்த்தார். அது கடைசி வரை போய் நின்றது.

"பாவம், எங்க போறதுன்னு தெரியாம நிக்குது" என்றார்.

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. "மாமா, இது கேம் கோளாறு மட்டும் இல்ல. இப்படி ஆகும்னு ஒருத்தர் அஞ்சு மாசம் முன்னாடியே எனக்கு எழுதியிருந்தாரு."

"உனக்கா?"

"எனக்குத்தான். ரெண்டு தடவ."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு?"

"நான் பத்து நிமிஷம்தான் மாமா ஓட்டிப் பாத்தேன். ஒரே ஒரு ஸ்டேஷன் கட்டிப் பாத்தேன். அவரு சொன்னத மதிக்கல."

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவள் தலைக்கு மேலே சட்டத்துக்குள் அவனுடைய சான்றிதழ் இருந்தது. மாமா நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார்.

"கடைசியா கட்டின ஸ்டேஷனுக்கு என்ன பேர் வச்சேன் தெரியுமா?" என்றார். "லினக்ஸ் நகர். நீ வந்தா காட்டலாம்னு இருந்தேன்."

பிறகு கணினியை அணைத்தார். "சரி விடு. வேணும்னேவா செஞ்ச?"

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. புதிதாகத் தண்டவாளமும் போடவில்லை. "ஆரம்பிக்கலாமே மாமா, இப்ப கோளாறு சரியாயிடுச்சு" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். "பாக்கலாம்" என்றார். திருத்தம் வெளியானபோது நன்றிப் பட்டியலில் கோப்பு தந்தவரை என்ன பெயரில் போடுவது என்று ஈரக்குடை கேட்டிருந்தார். மாமாவிடம் கேட்டான். "தொலைச்சவனுக்கு எதுக்குப்பா நன்றி" என்று சிரித்தார். 'ஒரு கிரேன் ஓட்டுநர்' என்று போடச் சொன்னான்.

இப்போது அவன் புதிய அறிக்கை எதுவும் எழுதுவதில்லை. பழையதை எடுத்துத் திருத்துகிறான். ஒரு நாளைக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு. "பத்து நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்தது. சேமித்துத் திறந்து பார்க்கவில்லை. நம்பி மாறுவதற்கு முன் உங்கள் கோப்பை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்." நூற்று ஆறு முடிந்திருக்கிறது.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமாவின் போனில் புதுக் கண்ணாடி பளபளத்தது. அந்தப் போனுக்குக் கண்ணாடி மாற்றுவது, பாட்டரி போடுவது எல்லாம் இத்தனை வருடம் அவன் வேலை.

"எப்ப மாமா உடைஞ்சது?"

"பத்து நாளாச்சு. தெருமுனைக் கடைக்காரன்கிட்ட குடுத்தேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"உனக்கு ஆயிரம் வேலை இருக்கும் மாப்ளே" என்றார் மாமா, வெகு பிரியமாக.

அவன் போனை வாங்கி, நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தான். கடைக்காரன் நன்றாகத்தான் ஒட்டியிருந்தான்.