நாக கன்னிக்கு நான் எழுதிய வசனம்

நான்கு வருடங்கள் நான் தெலுங்குத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதினேன். திருத்தணியில் வளர்ந்தவர்களுக்குத் தெலுங்கு தனியாகப் படிக்க வேண்டிய மொழி அல்ல; கடைத்தெருவிலேயே வந்துவிடும். சென்னையில் இருக்கும் டப்பிங் அலுவலகத்திலிருந்து காட்சிகளை அனுப்புவார்கள். நடிகையின் வாய் திறந்து மூடுவதற்குள் அடங்குகிற மாதிரி தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக எழுதிய தொடரின் நாயகி ஒரு நாக கன்னி. அவள் உற்றுப் பார்த்தால் மரம் பற்றி எரியும். மந்திரவாதியைக் காற்றில் தூக்கிச் சுவரில் அடிப்பாள். ஆனால் புகுந்த வீட்டில் மாமியார் அறைந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவாள். கணவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால், கொட்டும் மழையில் நின்று அவன் ஆயுளுக்காக விரதம் இருப்பாள். அத்தனை சக்தியும் அவனைக் காப்பாற்ற மட்டும்தான். எழுத எழுத எனக்குக் குமட்டும். இந்தப் பெண் ஒரு தடவையாவது அவன் கையைப் பிடித்து நிறுத்தக் கூடாதா என்று அந்த அலுவலகத்தில் கேட்டேன். நிறுத்திவிட்டால் அடுத்த வாரம் யார் பார்ப்பார்கள் என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு எழுதினேன்.

ஒரு காட்சியில் கணவன் எல்லார் முன்னாலும் அவளை அறைகிறான். தெலுங்கில் அவள் சொல்வது, பொறுத்துக்கொள்கிறேன் என்பது மட்டும்தான். அவள் முகம் திரும்பியிருந்ததால் உதட்டசைவுத் தொல்லை இல்லை. நான் நீட்டி எழுதினேன்: "திருப்பி அடிக்கத் தெரியாமல் இல்லை. தாங்கிக்கொள்வதுதான் பெண்ணின் சக்தி." அலுவலகத்தில் மெச்சிக்கொண்டார்கள். அந்த வசனத்தையே விளம்பரத் துண்டாக வெட்டி, பல வாரங்கள் ஓட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் சித்தி மகளைப் பார்க்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவள் வரவில்லை; போனிலும் சரியாகப் பேசவில்லை. அவள் இடது பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டதற்கெல்லாம் பதிலே இல்லை. பிறகுதான் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள். என்ன ஆயிற்று என்றேன். சளி என்றாள்.

ஏழு மணிக்குத் தறிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தொடருக்கு முன்னால் அந்த விளம்பரத் துண்டு வந்தது. மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா? நாகம்மாவே தாங்கிகினு போறா. நீ ஒரு அறைக்குப் பத்து நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற."

அதில் கோபம்கூட இல்லை. நல்ல புத்தி சொல்கிற குரல். அவர் மகன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதை எழுதியது நான்தான் என்று சொன்னேன். வெட்கம் தாங்காமல்தான் சொன்னேன். அவர்களோ பெருமையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். மாமியார் எழுந்து போய்க் காபி கலந்து வந்தார். நாக கன்னிக்குக் குழந்தை பிறக்குமா என்று ஆசையாகக் கேட்டார். என்னால் அந்தக் காபியைத் தொட முடியவில்லை. வாயில் புளிப்பாக ஏதோ ஊறிக்கொண்டே இருந்தது.

தங்கை வழியனுப்ப பஸ் நிறுத்தம் வரை வந்தாள். அங்கேதான் உண்மையைச் சொன்னாள். கணவன் அறைந்த அன்று காதுக்குள் விசில் மாதிரி சத்தம் கேட்டதாம். மறுநாளிலிருந்து அந்தக் காதில் எதுவுமே கேட்கவில்லையாம். டாக்டரிடம் போகவில்லை.

"அந்த வசனத்தத்தான்க்கா மனசுல சொல்லிகினு இருந்தேன்," என்றாள். "நமக்கு சக்தி கீது, அதான் தாங்குறோம்னு தோணும். மெய்யாலுமே நீ எழுதனதா?"

"ஆங், நான் எழுதனதுதான். பொய்னு தெரிஞ்சேதான் எழுதனேன்," என்றேன். "பஸ் வருது. நீயும் ஏறு."

மாற்றுத் துணிகூட எடுக்கவில்லையே என்றாள். கண்டக்டர் விசில் அடித்தார். அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள்.

திருத்தணியில் காது டாக்டர் பார்த்தார். செவிப்பறை கிழிந்து சீழ் வைத்திருந்தது. உடனே வந்திருக்கலாமே என்று அவளைக் கடிந்துகொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் கணவனும் மாமியாரும் எங்கள் வீட்டுக்கு அவளைக் கூப்பிட வந்தார்கள். அவளைப் பெற்ற சித்தப்பாகூட, போய்விட்டுத்தான் வாயேன் என்று இழுத்தார். தங்கை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து வந்தாள். அவர்கள் முன்னால் நீட்டினாள்.

"இத்த மகளிர் ஸ்டேஷன்ல குடுக்கலாம்னு கீறேன். நான் வர்ல."

மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் பழைய மரியாதை இல்லை. அதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே நியாயமான பார்வை அதுதான் என்று தோன்றியது. அவர்கள் போய்விட்டார்கள். அவள் புகாரும் கொடுத்தாள்.

நான் அந்தத் தொடரை விட்டேன். அன்றைக்கே வேறு ஆள் கிடைத்துவிட்டார். நாக கன்னி ஒரு நாள்கூட ஊமையாகவில்லை. தங்கை இப்போது இங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். வழக்கு நடக்கிறது. இடது காது பாதிதான் திரும்பியது.

போன மாதம் அலுவலகத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். புதுத் தொடராம். அம்மனே மனுஷியாகப் பிறந்து வந்திருக்கிறாளாம். முதல் காட்சி என்ன என்று கேட்டேன். கல்யாண மேடையிலேயே அவளை மாப்பிள்ளை அறைகிறான் என்று உற்சாகமாகச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லி போனை வைத்துவிட்டு, பின்கட்டுக் குழாயடிக்குப் போய் இரண்டு தடவை வாய் கொப்பளித்தேன்.