அருவிக்கடியில் லாத்தா கேட்டவை

“…கேக்கத்தானே காக்கா போனா, ஓடிப்போகவா போனா?” என்று உம்மா, ‘காக்கா’ என்று அவள் கூப்பிடும் தன் அண்ணனிடம் சொன்னபோது ஓட்டின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது, அடித்துப் பெய்யாமல், மேலே யாரோ உட்கார்ந்து அரிசி புடைப்பது போல ஒரே சீராக விழுகிற எங்கள் தென்காசிச் சாரல். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றார். என் லாத்தா, அக்காளை நாங்கள் ‘லாத்தா’ என்போம், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சுக்கு அடுத்து உம்மா என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது தெரியாவிட்டால் உங்களுக்கு அது ஒரு சின்ன விஷயமாகப் போய்விடும்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது இருக்கும். லாத்தா பெயர் ஜமீலா. கல்யாணம் ஆகி, மச்சான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருந்தார், அடுத்த வருஷம் வந்து அவளையும் அழைத்துப் போவதாகப் பேச்சு. அதற்குள் தலைப்பிள்ளை பிறந்தான், நல்ல நிறம், நிறைய முடி. அந்த முடியை எடுத்துப் பெயர் வைத்த சந்தோஷம் அடங்குமுன்னே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஊருக்கு வெளியே குற்றாலம் போகிற சாலையில் இருந்த கிறிஸ்தவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார்கள். ஆனாலும் ஒரு மத்தியானம் பிள்ளைக்கு மூச்சு தடுமாறியபோது, எஸ்தர் என்கிற நர்ஸம்மா அவன் பிஞ்சுக் காலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாகச் சொன்னாள்: “இந்தப் பிள்ளைய உம்ம மடியில வச்சிக்கிடும் ஆண்டவரே. இவளுக்குக் கை ஓஞ்சுபோச்சு.”

பிள்ளை மௌத்தானான். துக்கம் கேட்க வந்த பெண்கள், “சொர்க்கத்துக் குருவியாப் போயிட்டான்ளா, அழாதே” என்று தேற்றினார்கள். லாத்தா அழவில்லை. அழாததுதான் எல்லோருக்கும் பயம். சோற்றை வைத்தால் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னிடம் மட்டும் ஒருநாள், தலைவாரிவிடும்போது, கேட்டாள்: “ஏட்டி, அந்த நர்ஸம்மா யார்கிட்டட்டி பேசுனா? அடுத்த வீட்டு ஆள்கிட்ட பேசுத மாதிரில்லா பேசுனா?”

வாப்பா கைத்தறிச் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு சிவகிரி, சுரண்டை என்று சந்தை சந்தையாகப் போகிறவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அதனால் முடிவெடுப்பது உம்மாதான். வைத்தியர் ஒருவர், சாரல் முடியும்வரை குற்றாலத்துத் தண்ணீர் தலையில் விழட்டும், மனசு தெளியும் என்றார். உம்மாவுக்கும் அதே நம்பிக்கை. “அந்தத் தண்ணி நடுமண்டையில விழுந்தா, கவலைக்கு நிக்க எடம் இருக்காது” என்பாள். விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு, வண்டிக்கார அண்ணாச்சியின் குதிரை வண்டியில், முன்னும் பின்னும் திரை கட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போவோம். குதிரைக்கு எங்கள் தெருப் பெண்கள் எல்லோரையும் தெரியும் என்று வண்டிக்காரர் சொல்லுவார். “மொகத்தக் காட்டாட்டாலும் கனத்த வச்சே கண்டுபிடிச்சிரும்” என்று அவர் சொல்ல, உம்மா திரைக்குள்ளிருந்து, “ஒம்ம குதிரைக்கு வாயும் இருந்தா நாங்க ஊர விட்டே போவணும்” என்பாள்.

உம்மாவுக்கு இழுப்பு நோய். தண்ணீருக்குள் இறங்கமாட்டாள். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் ஒரு பாறையில் எங்கள் துணிகளையும், வெளியே போகும்போது மேலே போர்த்துகிற துப்பட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நானும் லாத்தாவும் சேலைத் துணியை வரிந்து கட்டிக்கொண்டு அருவிக்குள் போவோம். முதல் அடி விழும்போது மூச்சு நின்று திரும்பும். அப்புறம் சத்தம். வெளியே ஓசையாகக் கேட்கிற அருவி உள்ளே போனால் ஒரு வீடு மாதிரி. நாலு பக்கமும் தண்ணீர்ச் சுவர், பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் நமக்குக் கேட்காது.

அங்கேதான் ஒரு காலை எஸ்தரக்காவைப் பார்த்தோம். வேலை முடித்து நேராகக் குளிக்க வந்திருந்தாள். லாத்தா நாலெட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காதோடு வாய் வைத்து என்னவோ கேட்டாள். எஸ்தரக்கா தலையை அசைத்து, இவள் காதில் வாய் வைத்துப் பதில் சொன்னாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில், இடுப்பளவு உயரத்தில், ஈரச் சேலைகளுக்குள் சிக்கிக்கொண்டிருந்தேன். குனிந்து பேசும்போது எனக்கும் துண்டு துண்டாக விழும்.

அதற்கப்புறம் எஸ்தரக்காவுக்கு ஓய்வு கிடைக்கிற காலையெல்லாம் அதுதான் அவர்கள் இடம். ஊரில் எந்த வீட்டிலும் எந்தத் தெருவிலும் ஒரு முஸ்லிம் பெண் கேட்க முடியாத கேள்விகளை லாத்தா அங்கே கேட்டாள்.

“எங்கள்லயும் மரியம் உண்டு. வலி வந்து பேரீச்ச மரத்தப் பிடிச்சிக்கிட்டு நிப்பாவ. ஒங்கள்ல பேரீச்ச மரம் உண்டா?”

“எங்கள்ல மாட்டுத் தொழுவம். மரத்தப் பத்தி யாரும் சொல்லலியேளா.”

“அப்ப, ஒங்க மரியத்துக்குப் பிடிச்சிக்க ஒண்ணுமே இல்லியா?” என்று லாத்தா கேட்டதும் எஸ்தரக்கா தண்ணீருக்குள் நின்று சிரித்ததும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன. பிள்ளை போனபிறகு லாத்தா சிரித்ததும் அன்றைக்குத்தான்.

வேறொரு நாள், “ஒங்க ஆண்டவர நாங்க ஈசா நபிம்போம், எங்களுக்கும் அவுக மேல உயிருதான். நீங்க அதுக்கும் மேலங்கிய. அந்த மேல எப்படின்னுதான் எனக்கு வெளங்கல” என்றாள். எஸ்தரக்கா, “எனக்கு மட்டும் முழுசா வெளங்கிருச்சின்னு நெனைக்காதே. நான் ஊசி போடுதவ” என்றாள். பிறகு, பிள்ளைகளைத் தள்ளிவிட்டவர்களைக் கடிந்துகொண்டு அந்தப் பிள்ளைகளை ஆண்டவர் தம் கையில் வாங்கிக்கொண்ட கதையைச் சொன்னாள். லாத்தா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எந்தக் கை, எப்படி வாங்கினார், பிள்ளை அழுததா என்றெல்லாம் கேட்டாள்.

அந்தக் கதை இருக்கிற வேதப் புத்தகத்தைக் கொண்டுவந்து தரமுடியுமா என்றும் கேட்டாள். எஸ்தரக்கா மாட்டேன் என்றுவிட்டாள். “பெட்டிக்குள்ள வச்சது என்னைக்காவது ஒருநாள் யார் கையிலயாவது கெடைக்கும். மனசுல வச்சது நீயா எடுத்தாத்தான் வரும். ஒனக்கு வீடு இருக்கு, கொழும்புல ஆம்பள இருக்காரு. அத விட்டுட்டு வந்து கேக்காதே, வீட்ல இருந்துக்கிட்டே கேளு. அவசரம் எனக்கும் இல்ல, ஆண்டவருக்கும் இல்ல” என்றாள். இப்படி ஒரு பேச்சை எந்த மேடையிலும் நான் பிற்பாடு கேட்டதில்லை. விஷயம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஜமாஅத்தில் பேர் அடிபடும், மச்சான் வீட்டார் காதுக்குப் போகும், கொழும்புக் கப்பல் லாத்தா இல்லாமலே போகும்.

உம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஆடு அறுக்கிறவர். சுரண்டை போகிற வழியில் ஒரு சிற்றூரில் கிறிஸ்தவர்களின் கோயிலில் வருஷந்தோறும் அசனப் பண்டிகை நடக்கும். ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அக்கம்பக்கத்து முஸ்லிம்களும் கைநனைக்க வேண்டும் என்று, ஆட்டைத் தக்பீர் சொல்லி அறுக்க மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அறுத்தவருக்குத் தலையும் தோலும், வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறும் கறியும். அது எஸ்தரக்காவின் சொந்த ஊர். அந்த வருஷம் லாத்தா தானும் வருகிறேன் என்றாள். உம்மா ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு, “போயிட்டு வரட்டும் காக்கா, நாலு மொகத்தப் பாக்கட்டும்” என்றாள். மாமாவுக்குச் சந்தோஷம். கத்தரிக்காய் நறுக்குகிற பெண்களோடு பொழுது போகும் என்று நினைத்தார்.

நானும் லாத்தாவோடு தொற்றிக்கொண்டேன். போனதும் மாமாவின் குரல் ஊரையே நிறைத்தது. “என்ன வே உபதேசியாரே, ஒம்ம ஆடும் ஒம்மள மாதிரியே மெலிஞ்சு கெடக்கு?”

“கறி பத்தலேன்னா நீரே எலைக்கு எலை போயிச் சமாதானம் சொல்லும் அண்ணாச்சி” என்றார் கோயில் உபதேசியார்.

கோயில் மணி அடித்தது. லாத்தா துப்பட்டியைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, சேலை முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். அந்தக் கோயில் பெண்களும் ஆராதனையில் முக்காடு போட்டுத்தான் உட்காருவார்கள். அதனால் அவளை யாரும் வேறாகப் பார்க்கவில்லை. எஸ்தரக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள்: “கடைசிப் பாயில இரு. எல்லாரும் எந்திரிச்சா எந்திரி, ஒக்காந்தா ஒக்காரு. வாயத் தெறக்க வேண்டாம்.” எல்லாம் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தோன்றியிருக்க நியாயமும் இல்லை.

ஜெபம் தொடங்கியதும் எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடினார்கள். ஐயர், பாதிரியாரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நோயாளிகளுக்காகவும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்காகவும் வேண்டினார். லாத்தாவின் கைகள் அவளை அறியாமலே மடியிலிருந்து எழுந்து, உள்ளங்கை மேல்நோக்கி விரிந்தன, நாங்கள் துஆ கேட்கும்போது ஏந்துவது போல. கன்னத்தில் கண்ணீர் தண்ணீராக ஓடியது. கோயில் முழுக்க ‘ஆமென்’ என்றபோது அவளும் ‘ஆமீன்’ என்று, ஏந்திய இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பழகிய கை, அது வேறெப்படி ஜெபத்தை முடிக்கும்?

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. இன்னொருவரும் மூடவில்லை. ஆடெல்லாம் அறுத்தாயிற்று என்று உபதேசியாரிடம் சொல்ல வந்த மாமா, கழுவிய கையோடு பக்கவாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அங்கே ஒன்றும் சத்தம் போடவில்லை. எஸ்தரக்கா முகம் வெளுத்து அவர் பின்னாலேயே போய், “அண்ணாச்சி, அவ எதுலயும் சேரல, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா” என்றாள். மாமா தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு, வண்டியைப் பூட்டச் சொன்னார்.

இப்போது குற்றாலத்தில் பெண்கள் பக்கம் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். கூட்டம் தள்ளுகிறது, விசில் ஊதுகிறார்கள், ஒரு கேள்வியைக் கேட்டுமுடிக்கிற நேரம்கூட அருவிக்கடியில் நிற்க விடுவதில்லை. குதிரை வண்டி இல்லை. அசனம் இன்றும் நடக்கிறதாம், ஆனால் ஆட்டை எங்கேயோ அறுத்துக் கறியாகக் கொண்டுவந்துவிடுகிறார்களாம். எங்கள் தெருவிலிருந்து யாரையும் கூப்பிடுவதில்லை. எஸ்தரக்கா மாற்றலாகிப் போனாள், எந்த ஊர் என்று தெரியாமலே போயிற்று. லாத்தா மறு வருஷம் மச்சானோடு கொழும்புக்குப் போனாள், நாலு பிள்ளை பெற்றாள், அங்கேயே மௌத்தாகி அடங்கினாள். கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது, “என்ன லாத்தா, பதில் கெடைச்சுதா?” என்று கேட்டேன். “இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்ட்டி” என்றாள், அருவிக்குள் நின்றது போலவே முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. தொழுகையையும் விடவில்லை, அந்தக் கதையையும் விடவில்லை. அவள் மனசில் எது எங்கே இருந்தது என்பதை நான் துருவியதில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டே இருக்க இடம் கொடுத்த அந்தச் சாரல் காலத்துக்காகத்தான் எனக்கு ஏக்கமெல்லாம். உம்மா வயதான காலத்தில் என்னிடம் சொன்னாள்: “அருவி சத்தத்தத்தான் மறைக்கும், வாயசைவ மறைக்குமா? பாறையில ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

மாமா, கோயிலில் கண்டதைச் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரை அப்படி ஆக்கியது அன்று சாயங்காலம் உம்மா செய்ததுதான்.

வாசல்படியில் தூக்குச்சட்டியோடு நின்று மாமா கொதித்தார். “கோயிலுக்குள்ள கையேந்திக்கிட்டு இருக்கா ஒன் மவ! நாளைக்கி ஜமாஅத்துல கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? கொழும்புக்காரன் கூட்டிக்கிட்டுப் போவானா, தலாக் எழுதி விட்ருவானா? இவள வீட்டோட அடைச்சு வையி. அந்த நர்ஸு இந்தத் தெருவுல கால் வைக்கப்படாது.”

“பாத்தது நீங்க ஒருத்தருதானே?” என்றாள் உம்மா.

“ஒருத்தன் பாத்தாப் போதாதா?”

“பிள்ளைய மண்ணுல வச்சவ. அவன் எங்கன இருக்கான், யாரு வச்சிருக்கான்னு எல்லாருகிட்டயும் கேக்கா. கேக்கத்தானே காக்கா போனா, ஓடிப்போகவா போனா?”

சொல்லிவிட்டு உம்மா எழுந்து போய் அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கினாள். பரணிலிருந்து, கல்யாணம் கந்தூரிக்கு மட்டும் இறக்குகிற சகனை எடுத்தாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்கிற பெரிய தட்டு அது. பாயை விரித்தாள். கோயில் சோற்றை முழுவதும் அதில் கொட்டி, கறியை நடுவில் ஊற்றினாள். “ஜமீலா, வா” என்றாள். லாத்தா வந்து உட்கார்ந்தாள். என்னையும் இழுத்து உட்காரவைத்தாள். “காக்கா, நீங்க அல்லா பேர் சொல்லி அறுத்த ஆடு இது” என்றாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, பிசைந்த முதல் கவளத்தை, இத்தனை மாதமாகச் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்த லாத்தாவின் வாயில் வைத்தாள். அப்புறம், மாமாவைத் திரும்பிப் பார்க்காமலே, பாயில் கொஞ்சம் நகர்ந்து, நாலாவது ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.