கல்லூரிக்குப் பெண் கேட்டு வந்தார்கள்

ரெஃபுகியோவுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஃபிரெஸ்னோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் என்னோடு வெயிலில் காய்ந்தவன். மேஸ்திரியிலிருந்து பாதிரியார் வரை யாரையும் விட்டுவைத்ததில்லை. அந்த வாய்தான் அவனை மாட்டிவிட்டது.

மகள் நயேலிக்குத் தூரத்து ஊரில் கல்லூரி இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "கல்யாணம் ஆகாம எந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போயிருக்கா?" என்று இவன் குறுக்கே நின்றான். பள்ளியில் கல்லூரிக்கு வழிகாட்டும் ஒலிவியா டீச்சர், பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தாள். தோட்டத்தில் வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது, பட்டப்பகலில், அதுவும் ஆங்கிலத்தில் கூட்டம். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த எங்களில் எவன் போவான்? கடைசியில் அவளே போன் செய்தாள்.

"பொண்ணு வேணும்னா நம்ம முறைப்படி ரொட்டிக் கூடையோட வந்து கேக்கச் சொல்லுங்க டீச்சர், உங்க காலேஜை!" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒலிவியா வாசலில் நின்றாள், இனிப்பு ரொட்டிக் கூடையோடு. மாப்பிள்ளை வீட்டாராகப் பேக்கரிக்கார கிராசியேலா. அவள் பையன் அதே கல்லூரியில் படிக்கிறான். கூடையோடு வந்தவர்களை வெளியே நிறுத்துவது எங்கள் வழக்கமில்லை. நயேலியின் ஞானத்தந்தை என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தான். என் கண்ணெல்லாம் கூடை மேல்.

"மாப்பிள்ளைக்கு வயசு?" என்று ஆரம்பித்தான் ரெஃபுகியோ.

"நூறு தாண்டியாச்சு" என்றாள் ஒலிவியா.

"கிழவனுக்கா குடுக்கச் சொல்றீங்க? குடிப்பானா?"

"சனிக்கிழமையானா கொஞ்சம் ஆட்டம்தான்" என்றாள் கிராசியேலா. "ஆனா சோறு போடுறான், லீவு விட்டா வீட்டுக்கு அனுப்புறான்."

"படிப்பு வரலைன்னா துரத்திருவானா?" இப்போது அவன் சிரிக்கவில்லை.

"என் பையன் மொத வருஷம் கணக்குல கோட்டை விட்டான். போன்ல ஒரே அழுகை. நேர்ல போனேன். உக்கார வெச்சுப் பேசினாங்க. அடுத்த தடவ தேறிட்டான்."

"என்னையும் உள்ள விடுவாங்களாம்மா?"

அட பாவி, இதுதானா உன் பயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"விடுவாங்க" என்றாள் கிராசியேலா.

அவன் சமையலறை வாசலில் நின்ற நயேலியைப் பார்த்தான். "கண்ணு, உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்பா."

கூடைத் துணியை விலக்கி ஒரு ரொட்டியைப் பிட்டான். பெண்ணின் அப்பா ரொட்டியைத் தொட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். முதல் துண்டு மகளுக்கு.

"டீச்சர், மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. எம் பொண்ணைப் பத்தி நல்லதோ கெட்டதோ, எனக்கு ஸ்பானிஷ்ல சொல்லணும்."

அதற்குப் பிறகுதான் நான் கூடைக்குள் கையை விட்டேன்.